குறுக்குப் பலகையில் முறிந்த பாய்மரம்: பூநகரிக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடக்கே, பூநகரிப் பிரதேசத்தின் கடல்நீரேரிக் கரையில் உள்ள சிறிய துறை ஒன்றில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். வள்ளத்தின் சொந்தக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவரோடு தொழிலுக்குப் போகும் மருமகன், தமக்கையின் மகன். மூன்றாமவர் பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்த வயதான ஓடாவியார், வள்ளம் கட்டும் தச்சர். பெயர்களையும் துறையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

வள்ளம் 18 அடி நீளமான பைபர் வள்ளம். ஒடுக்கமானது, அடி ஏறக்குறையத் தட்டையானது. நண்டு வலைதான் முக்கிய தொழில். முன்பு சிறிய வெளியிணைப்பு எஞ்சின் பூட்டி ஓடியது. 2022 இல் மாதக்கணக்காக மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது விலை வேறாக இருந்தது: அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 முதல் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடல்நீரேரியில் ஒரு நாள் நண்டுக்குப் போய்வரும் சிறு தொழிலாளிக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. சொந்தக்காரர் எஞ்சினை விற்கவில்லை, கழற்றிக் கரையிலுள்ள தன் வாடிக்குள், தொழில் சாமான் வைக்கும் கொட்டிலுக்குள், தொங்கவிட்டார். பாய் பூட்டினார்.

பாய் அவருக்குப் புதிதல்ல. எரிபொருள் தடை இருந்த 1990களில் இந்தக் கரையில் பாயும் மரக்கோலும்தான் வள்ளத்தை ஓட்டின. சிறுவயதில் தகப்பனோடு ஓடியவர். ஆனால் அந்தக் காலத்து மர வள்ளத்தில் பாய்மரத்துக்கென்று ஓடாவி வெட்டிய இடம் இருந்தது. எஞ்சினுக்காகச் செய்த பைபர் வள்ளத்தில் அது இல்லை. அவர் தானே முன்பக்கத்தில் குறுக்கே போட்ட இருக்கைப் பலகையில் பாய்மரம் நுழைய ஒரு கண் வெட்டினார். அதற்கு நேர் கீழே அடியில் ஒரு கட்டையைப் பைபர் போட்டு ஒட்டி, பாய்மரத்தின் கால் நிற்க ஒரு குழி எடுத்தார்.

பாய்மரம் 14 அடி. மாடிவீட்டுக்குக் கொங்கிறீற் போடும்போது முட்டுக் கொடுத்த யூக்கலிப்டஸ் கம்பு அது. வேலை முடிந்ததும் சும்மா கிடைத்தது. பலகைக் கண்ணுக்குள் வரும் இடத்தில் மூன்று அங்குல விட்டம். பாய் நீலத் தறப்பாளில் தைத்தது, மேலே பருமல் எனும் குறுக்கு மூங்கிலில் கட்டிய நாற்கோணப் பாய். ஆஞ்சான் கயிற்றால் பருமலை ஏற்றி இறக்குவார்கள். பாயின் கீழ் மூலையில் உள்ள தாமான் கயிற்றால் காற்றைப் பிடித்து விடுவார்கள். வள்ளம் பக்கவாட்டில் வழுக்காமலிருக்கப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்க ஒரு பலகையும் இருந்தது. கரைக்கு ஒத்தாக வலை விரிப்பதால் போகும்போதும் வரும்போதும் பக்கக் காற்றுத்தான். அதற்கு இந்த அமைப்பு போதும்.

இரண்டு மாற்றங்கள் பின்னால் நடந்தன. இரண்டும் இந்தக் கதைக்கு முக்கியம். முதலாவது: ஓடும்போது பாய்மரம் கண்ணுக்குள் ஆடிச் சத்தம் போடுகிறது என்று, பலகையில் ஒரு இரும்புப் பட்டம் வைத்து, பாய்மரத்தை இடமிருந்து வலமாகத் துளைத்து, அரை அங்குலப் போல்ட் போட்டு இறுக்கினார். துளைக்குள் தண்ணீர் போகாமல் இருக்க அதைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப்பை இறுக்கிக் கட்டினார். இரண்டாவது: பழைய தறப்பாள் வெயிலில் பொரிந்து போக, புதுத் தறப்பாளில் பாயைப் பெரிதாகத் தைத்தார். ஏறத்தாழ 90 சதுர அடியாக இருந்த பாய் 130 சதுர அடியாயிற்று. காற்றுக் குறைந்த காலையிலும் வள்ளம் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

முறிந்த நாள்

பாய் பூட்டியபின் வந்த இரண்டாவது சோளகம் (தென்மேற்குக் காற்றுக் காலம்), ஆனி மாதம். இந்தக் கரைக் காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தெற்கே மன்னாரில் 2020 இல் 30 காற்றாலைக் கோபுரங்கள் நாட்டியது சும்மா இல்லை. சோளகத்தில் விடியற்காலை ஓரளவு அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏறப் பலக்கும். பூநகரிக் கரைக்கு அது தரையிலிருந்து நீருக்குள் வீசும் காற்று. கட்டுப்பாடு இழந்த வள்ளம் வீட்டை நோக்கி வராது, யாழ்ப்பாணப் பக்கம் போகும்.

விடியவே வலையை வளித்துவிட்டார்கள். நண்டு நல்லாய்ப் பட்டிருந்தது. திரும்பும்போது இருவருமே வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கால் முறியாமல் நண்டைக் கழற்றினால்தான் விலை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே தாமான் கயிற்றை இருக்கைப் பலகையில் அடித்திருந்த முளையில் கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டு வேலை பார்ப்பது அன்றைக்குப் புதிதாகச் செய்தது அல்ல, பழக்கம்.

பத்து மணியளவில் ஒரு இழுப்புக் காற்று வந்தது. வள்ளம் சாய்ந்து, தாழ்ந்த பக்கத்து விளிம்பு தண்ணீரைத் தொட்டது. மருமகன் முளைக்குப் பாய்ந்தார். நனைந்த நைலோன் முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. “மாமா, கத்தி!” என்று அவர் கேட்கும்போதே பாய்மரம் முறிந்துவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை என்றும், ஈர விறகு முறிவதுபோல மொத்தையாகக் கேட்டது என்றும் சொந்தக்காரர் சொன்னார். இந்தச் சிறு தகவலைப் பின்னால் ஓடாவியார் திரும்பத் திரும்பக் கேட்டார்.

முறிந்ததும் வள்ளம் நிமிர்ந்தது. பாயும் பருமலும் தண்ணீருக்குள் கிடந்தன. வள்ளம் பக்கவாட்டில் திரும்பி, வடகிழக்காக, கடலட்டைப் பண்ணை ஒன்றின் வேலிக் கம்புகளை நோக்கி இழுபட்டது. மருமகன் எல்லாக் கயிறுகளையும் அறுத்துவிடப் பார்த்தார். மாமன் தடுத்து, முதலில் நங்கூரத்தைப் போடச் சொன்னார். சேற்று நிலம், கொஞ்சத் தூரம் இழுபட்டுத்தான் நங்கூரம் பிடித்தது. பிறகு பாயை அவசரமில்லாமல் வள்ளத்துக்குள் வாரி எடுத்தார்கள். பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த கைத்தொலைபேசியில் துறைக்குச் சொல்ல, எஞ்சின் வள்ளம் ஒன்று வந்து கட்டி இழுத்தது.

யாருக்கும் காயமில்லை. பாய் அறுந்து போகாததால் நட்டமும் குறைவு. நங்கூரம் முதல், பாய் இரண்டாவது என்ற வரிசை சரியானது. கடல்நீரேரி ஆழமில்லாதது என்பதால் அது சாத்தியமும் ஆயிற்று. உயிர்காப்பு அங்கி இருவரிடமும் இல்லை. நெஞ்சளவு தண்ணீர்தானே என்று இங்கே எல்லோரும் சொல்வது. நெஞ்சளவு தண்ணீரிலும் முழங்கால் புதையும் சேறு இருக்கிறது, தலையில் விழ ஒரு பாய்மரமும் இருக்கிறது.

முறிவைப் பார்த்தபோது

கரைக்கு வந்த அன்றே துறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முறிந்த இடத்தை ஒட்டி, மேலே பைபர் மாட் சுற்றி ரெசின் பூசினால் இரும்பு மாதிரி நிற்கும் என்பது பெரும்பான்மை. இரண்டங்குல ஜி.ஐ. பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்று வாங்கி நட்டுவிடு என்பது மற்றப் பக்கம். சொந்தக்காரர் ஓடாவியாரைக் கூப்பிட்டதற்குக் காரணம் இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்கத்தான்.

ஓடாவியார் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. முறிந்த இரண்டு துண்டையும் வெயிலில் வைத்து, முறிவு முகத்தைப் பார்த்தார். நல்ல மரம் பாரம் தாங்காமல் முறிந்தால் நீள நீளமாகச் சிராய் கிளம்பும். இங்கே ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சிராய் இருந்தது. மீதி கரட் துண்டு முறிந்த மாதிரிக் குட்டையாக, மட்டமாக இருந்தது. அந்த இடம் கறுத்தும் இருந்தது. கத்தி நுனியால் குத்தியபோது ஓர் அங்குலம் தடையில்லாமல் இறங்கியது. உக்கல்.

உக்கல் எங்கே தொடங்கியது என்பதிலும் சந்தேகமில்லை. முறிவு சரியாகப் போல்ட் துளையின் ஊடாகப் போயிருந்தது. ரியூப் சுற்றிய இடத்துக்கு வெளியே மரம் கடினமாகவே இருந்தது. தண்ணீர் உள்ளே போகாதிருக்கச் சுற்றிய றப்பர், உள்ளே போன தண்ணீரை வெளியே விடவில்லை. உப்புத் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் இதில் கெட்டது. உப்பு மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும், மழைத்தண்ணீர் தடுக்காது. மாரிகால வாடைமழை முழுதும் வள்ளம் கரையில் கிடந்தபோது பாய்மரம் வழியே வடிந்த தண்ணீர் அந்த ரியூப்புக்குள் நின்றது.

இனி அந்தத் துளை இருந்த இடம். “மண்வெட்டிப் பிடி எங்க தம்பி முறியும்? இலைக்குள்ள போற இடத்திலதானே,” என்றார் ஓடாவியார். பாய்மரமும் அப்படித்தான். மேலே காற்றுத் தள்ள, கீழே பலகை பிடித்து நிறுத்த, வளைக்கும் விசை முழுதும் பலகைக் கண்ணின் விளிம்பில் சேர்கிறது. அதுவும் மரத்தின் நடுவில் அல்ல. காற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், எதிர்ப்பக்கத்துத் தோல் நசுங்கும், நடுமரம் அதிகம் வேலை செய்யாது. முன்பின்னாகத் துளைத்திருந்தால் பக்கக் காற்றுக்குத் துளை நடுமரத்தோடு போயிருக்கும். இடம்வலமாகத் துளைத்ததால் துளையின் இரண்டு வாயும் மிகக் கூடுதலாக வேலை செய்யும் இரண்டு தோலிலும் திறந்தன. ஆட்டத்தை நிறுத்திப் பலப்படுத்தவென்று போட்ட போல்ட், மரத்தில் வெட்டக்கூடாத ஒரேயொரு இடத்தை வெட்டியிருந்தது.

பாய் பெருத்ததும் சேர்ந்துகொண்டது. பரப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடியது. பருமல் உயர்ந்ததால் காற்றுத் தள்ளும் இடமும் உயர்ந்தது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலை இளங்காற்றுக்கு அளவாகத் தைத்த பாய், பத்துமணிச் சோளகத்துக்கு அளவு அல்ல.

ஆக, உக்கல், துளை, பெரும்பாய், கட்டிய தாமான் என்று நான்கும் சேர்ந்தன. இவற்றில் எது காரணம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். என் கணிப்பு, கடைசி ஒன்றுக்குத்தான் பாரம் அதிகம். மரம் நன்றாக இருந்திருந்தால் அது முறிந்திராது; தாமான் கட்டியபடி இருக்க, அந்தக் காற்றில் வள்ளம் கவிழ்ந்திருக்கும். உக்கல் மரம் அன்றைக்கு இரண்டு பேரைத் தண்ணீருக்குள் விழாமல் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

முன்னால் இருந்த வழிகள்

ஒட்டிச் சேர்ப்பது முதலில் கைவிடப்பட்டது. முறிந்த பாய்மரத்தை ஒட்டும் முறை உண்டு: இரண்டு துண்டையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவார்கள். சரிவு மரத்தின் தடிப்பைப் போல எட்டு மடங்காவது நீள வேண்டும். பாய்மரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நல்லது. மூன்று அங்குல மரத்துக்கு அது மூன்று அடி. பலகைக்குக் கீழே கால் வரை இருந்ததே 20 அங்குலம். அடித்துண்டைப் புது மரத்தில் செய்து ஒட்டினாலும் ஒட்டுச் சரிவு பலகைக் கண்ணுக்கு அருகிலேயே வரும். ஒட்டுக்கு எபொக்சிப் பசை வேண்டும். துறையில் கைவசம் இருந்தது வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்ரர் ரெசின். அது பைபர் மாட்டோடு நன்றாகப் பிடிக்கும், மரத்தோடு அவ்வளவு பிடிக்காது. மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்கும்போது உரிந்து வரும்.

பைபர் மாட் சுற்றுவதை ஓடாவியார் கோபமாகவே மறுத்தார். “மேல சுத்தினா உள்ளுக்கு உக்கிறது உனக்குத் தெரியாது. உந்த ரியூப் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும்.”

ஜி.ஐ. பைப் மீது சொந்தக்காரருக்கு ஆசை இருந்தது. உக்காது, உடனே கிடைக்கும். ஆனால் இரண்டங்குல நடுத்தரப் பைப் மீற்றருக்கு ஐந்து கிலோவுக்கு மேல்; 14 அடிக்கு ஏறத்தாழ 22 கிலோ. ஒடுக்கமான வள்ளத்தில் அந்தப் பாரம் உயரத்தில் நிற்பது நல்லதல்ல. இரும்பு என்றால் பலம் என்பதும் இந்த அளவில் சரியல்ல: மூன்றரை அங்குல நல்ல மரம் தாங்குவதில் அரைவாசியைக்கூடத் தாங்காமல் அந்தப் பைப் வளையத் தொடங்கும். வளைந்தால் நிமிர்த்த முடியாது. அதன் வெட்டு விளிம்பு பைபர்க் கண்ணை அறுக்கும். நிறை, விலை, துரு என்று மூன்றையும் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை அறுக்கும் என்றதும்தான் மனம் மாறினார். மரம் போனால் மரம் வாங்கலாம், வள்ளத்தின் பலகை போனால் வள்ளமே போச்சு என்பது அவர் நியாயம்.

மூங்கில் பாய்மரமும் பேசப்பட்டது. பருமலுக்கு அது அருமையான பொருள். பாய்மரத்தில், பலகைக் கண்ணுக்குள் ஆப்பு இறுக்கும் இடத்தில் கோதான மூங்கில் நசுங்கும் என்பதால் விட்டார்கள்.

மிஞ்சியது புதுமரம். ஆனால் நல்ல கம்பு தேடி, வெட்டி, காயவைக்க மாதங்கள் வேண்டும். அதுவரை தொழிலுக்கு என்ன வழி?

தற்காலிகக் கட்டை மரம்

விடை முறிந்த மரத்திலேயே இருந்தது. ஓடாவியார் மேல்துண்டை அடியிலிருந்து அரை அடி அரை அடியாகத் தட்டிக்கொண்டு போனார். சத்தம் தெளிந்த இடத்தில் வெட்டினார். முகம் வெளிறிக் கிடந்தது, கறுப்பு இல்லை. இன்னும் ஒரு அங்குலம் வெட்டி நிச்சயப்படுத்தினார். 11 அடிக்குக் கொஞ்சம் கூட மிஞ்சியது. அதன் அடியைச் சீவிக் குழிக்குள் இறக்கினார். மரம் மேலே ஒடுங்குவதால் பலகைக் கண்ணுக்குள் இடைவெளி வந்தது. பனைமட்டைத் துண்டுகளை ஆப்பாகச் சுற்றிவர இறுக்கினார். போல்ட் இல்லை.

குட்டை மரத்துக்குப் பெரிய பாய் சரிவராது. தறப்பாளை வெட்டவில்லை; கீழ்ப்பக்கத்தில் ஒரு வரிசையாகச் சிறு கயிறுகள் தைத்து, சுருட்டிக் கட்டினார்கள். பாய் ஏறத்தாழ 80 சதுர அடியாயிற்று.

மூன்றாம் நாள் தொழிலுக்குப் போனார்கள். பலத்த சோளகத்தில் இந்தக் குட்டை மரம் பழையதைவிட நன்றாக ஓடியது. வள்ளம் சாயவில்லை, வேகமும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. சாய்ந்து ஓடும் தட்டையடி வள்ளம் பக்கவாட்டில் வழுக்குவதால் பெரிய பாயின் பலனில் பாதி வீணாகத்தான் போகும். இதைக் கண்ட மருமகன் இனிப் புதுமரம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சோளகம் ஓய்ந்து, புரட்டாதியில் காற்று இறங்கியதும் பதில் தெரிந்தது. காலையில் வள்ளம் நகரவில்லை. மரக்கோல் ஊன்றியே வலைக்குப் போனார்கள். வெயிலுக்குள் கரைக்கு வந்தால் நண்டு செத்துவிடும், விலையும் இறங்கிவிடும். சுருட்டக்கூடிய பெரிய பாயும் அதைத் தாங்கும் மரமும் வேண்டும் என்று அப்போது முடிவானது.

புதுமரம்

மரம் வெட்டுவது ஆவணியிலேயே நடந்துவிட்டது. தேவை பின்னால் உறுதியானாலும் ஓடாவியார் காத்திருக்க விடவில்லை. காட்டில் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. கடற்கரையில் அரசு நட்ட சவுக்குகளும் அப்படியே. தனியார் காணி ஒன்றில் வேலியோரம் நின்ற சவுக்கு மரங்களில் ஒன்றை விலைக்குப் பேசி, காணிக்காரரிடம் எழுத்தில் வாங்கி, கிராம அலுவலருக்கும் சொல்லிவிட்டு வெட்டினார்கள்.

தெரிவுதான் ஓடாவியாரின் உண்மையான வேலை. நேராக நிற்பதை எவரும் கண்டுபிடிப்பார்கள். அவர் பட்டையின் கோடுகளைப் பார்த்தார். கோடு மரத்தைச் சுற்றி முறுக்கி ஏறினால் உள்ளே நாரும் முறுக்கு. அப்படிப்பட்டது காயும்போது முறுகி வெடிக்கும். பாரத்திலும் சீக்கிரம் விடும். அழகாக நின்ற இரண்டு மரங்களை இதனால் தள்ளினார். மூன்றாவதில் அடியிலிருந்து மூன்றடி உயரத்தில் கணுக்கள் வட்டமாக நெருங்கியிருந்தன. அது பலகைக்குச் சற்று மேலே வரும் என்று அதையும் தள்ளினார். நாலாவது கொஞ்சம் வளைவு. அதை எடுத்தார். சிறு வளைவால் பாய்மரத்துக்குக் கெடுதி இல்லை, வளைவை முன்பக்கம் பார்க்க நட்டால் போதும் என்றார்.

தடிப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. உருண்டை மரத்தின் வளைவுப் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். மூன்று அங்குலத்தை மூன்றரை ஆக்கினால் பலம் ஏறத்தாழ 1.6 மடங்காகும். ஓடாவியார் இப்படிக் கணக்குப் போடவில்லை. “அரை அங்குலம் கூட்டு, மற்றதெல்லாம் கூட்டத் தேவையில்லை” என்று மட்டும் சொன்னார். பலகைக் கண்ணையும் அந்த அளவுக்குப் பெருப்பிக்கத் தீர்மானித்தார்கள். மேல்நுனி இரண்டு அங்குலம்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்தார்கள். விட்டால் பட்டைக்கடியில் பூச்சி விழும். இரண்டு வெட்டு முகத்திலும் தடிப்பாகப் பெயின்ற் பூசினார்கள். மரம் தன் ஈரத்தை முகங்களால்தான் வேகமாக விடும், அங்கேதான் முதலில் வெடிக்கும். வாடிக்குப் பின்னால் நிழலில், நிலத்தில் படாமல் கட்டைகள்மேல் படுக்க வைத்து, இடையிடையே புரட்டினார்கள். அந்தத் தடிப்பு மரம் முழுதாகக் காய ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும். அவர்கள் தை மாதம் வரை பொறுத்தார்கள். அரைக் காய்ச்சல் மரம் கொஞ்சம் பாரம் கூட, ஆனால் வளைந்து கொடுக்கும். அது ஏற்கக்கூடிய சமரசம்.

தை மாதம் வாச்சியாலும் சீவுளியாலும் இழைத்து, லின்சீட் எண்ணெய் பல தடவை பூசினார்கள். மீன் தராசில் தூக்கிப் பார்த்தபோது 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் துடைத்த சீலைகளை உருட்டி மூலையில் போட்டிருந்தார் மருமகன். ஓடாவியார் எடுத்து வெளியே விரித்துப் போட்டார். அந்த எண்ணெய் காயும்போது சூடேறும், குவித்துப் போட்ட சீலை தானாகவே தீப்பிடிக்கும். கிடுகு வாடியில் இது சிறிய விடயமல்ல.

பூட்டியபோதும் பிறகும்

கண்ணைப் பெருப்பிக்க இருக்கைப் பலகைக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பலகை வள்ளத்தின் பக்கச் சுவரோடு சேரும் இடத்தில் பைபர் ஒட்டு ஒரு சாண் நீளத்துக்கு வெடித்து, தாள் செருகக்கூடிய இடைவெளி இருந்தது. முறிந்த நாளில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஏழெட்டு மாதமாகக் குட்டை மரம் அந்த வெடித்த பலகையில் சாய்ந்தே ஓடியிருக்கிறது. பழைய ரெசினை அரக்கடதாசியால் உரஞ்சி, காய விட்டு, இரண்டு பக்கமும் புதிதாக மாட் போட்டார்கள். இந்த வேலைக்குப் பொலியெஸ்ரர் ரெசின் பொருத்தம், பைபரோடு பைபர். கண்ணின் வெட்டு விளிம்புக்கும் ரெசின் பூசினார்கள்.

பாய்மரம் கண்ணுக்குள் ஆடாமலிருக்கப் போல்ட்டுக்குப் பதில் ஆப்பு: சுற்றிவர நாலு மர ஆப்பு, மரத்தோடு உரசும் பக்கத்தில் பழைய ரயர் றப்பர். எதையும் சுற்றிக் கட்டவில்லை. தண்ணீர் வந்தபடி வடிந்து போகும். காலுக்குழியின் ஒரு பக்கத்தில் விரல் போகும் அளவு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிற்காமல் செய்தார்கள். வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில் ஆப்பைத் தட்டிவிட்டுப் பாய்மரத்தைக் கழற்றி வாடிக்குள் வைக்கலாம். போல்ட் காலத்தில் அதைச் செய்ய யாரும் நினைக்கவில்லை.

தாமான் முளையை ஓடாவியார் கேட்காமலே அறுத்துவிட்டார். அதற்குப் பதில் கயிற்றைப் பலகைக்கு அடியால் ஒரு சுற்றுக் கொண்டுவந்து கையில் பிடிக்கும் முறை. உரசல் பாதிப் பாரத்தை எடுக்கும், கை மீதியைப் பிடிக்கும், விட்டால் போகும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு. இது நண்டு கழற்றும் வேலையை மந்தமாக்கியது. ஒருவர் கயிற்றோடு இருக்க ஒருவர் கழற்ற வேண்டும். மருமகன் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்.

பங்குனிக்குள் மரம் காய்ந்து சுருங்கி ஆப்புகள் இளகின. புது ஆப்பு வெட்டினார்கள். நீளவாக்கில் ஒரு வெடிப்பும் விழுந்தது, நகம் நுழையும் அகலம், இரண்டடி நீளம். நாரோடு நேராகப் போகும் வெடிப்பு பலத்தை அதிகம் குறைக்காது. குறுக்கே போனாலோ சுற்றி ஏறினாலோதான் பயப்பட வேண்டும். எண்ணெய் விட்டு அப்படியே விட்டார்கள். நிரப்பி அடைக்க வேண்டாம் என்பது ஓடாவியாரின் கட்டளை.

அடுத்த சோளகத்தில் சோதனை வந்தது. பாயை அரைவாசி சுருட்டி ஓடிய ஒரு நாளில் பலத்த இழுப்பு. கயிறு கையில் இருந்தது, விட்டார்கள், பாய் படபடத்து அடித்ததில் மூங்கில் பருமல் முறிந்தது. பாய்மரத்துக்கு ஒன்றுமில்லை. வள்ளத்துக்குள் மாற்று மூங்கில் கிடந்தது. நங்கூரம் போட்டு, மாற்றிக் கட்டிக்கொண்டு, பாயோடேயே கரைக்கு வந்தார்கள்.

இன்னொரு முறை செய்வதானால்

வரிசை மாற வேண்டும். பாய்மரம் முறிந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டியவை பலகையின் ஒட்டும் காலுக்குழியும். மரத்தைப் பிறகு பார்க்கலாம். முறிந்த மரம் கண்ணுக்கு முன்னால் கிடந்ததால் எல்லோர் பார்வையும் அதிலேயே நின்றது. வெடித்த ஒட்டு மாசியில் தெரிந்ததற்குப் பதில் ஆனியிலேயே தெரிந்திருக்கலாம். அதே சோளகத்தில் பலகை பிரிந்திருந்தால் பாய்மரத்தின் கால் வள்ளத்தின் அடியைக் கிளப்பியிருக்கும்.

மாற்றுக் கம்பு ஒன்றை எப்போதும் காயப் போட்டிருப்பது நல்லது. அடுத்த ஆவணியில் அதே காணியில் இன்னொரு சவுக்கு வெட்டப்பட்டது. அது இப்போது வாடிக்குப் பின்னால் கிடக்கிறது, முழுதாகக் காய அதற்கு நேரமிருக்கிறது. தறப்பாள் பாய்க்கு வெயில்தான் எதிரி. ஓடாத நேரத்தில் சுருட்டி மூடி வைத்தால் இன்னொரு பருவம் வரும். கத்தி ஒன்று தாமான் பிடிப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் கயிற்றில் தொங்குகிறது. உயிர்காப்பு அங்கி இரண்டு வாங்கியிருக்கிறார்கள். சொந்தக்காரர் அதை இருக்கையில் விரித்து மேலே உட்காருகிறார். போடச் சொல்லி மருமகன் கேட்டுப் பார்த்தாயிற்று.

துறையில் பாய் பூட்டிய வேறு இரண்டு வள்ளங்களிலும் இதே மாதிரிப் போல்ட் இருந்தது. ஒருவர் கழற்றி, துளை இருந்த பகுதி பலகைக்குக் கீழே போகும்படி மரத்தின் அடியை வெட்டிக் குறைத்துக்கொண்டார். மற்றவர் பாய்மரம் இன்னும் நல்லாய்த்தான் நிற்கிறது, இந்தச் சோளகம் போகட்டும் பார்ப்போம் என்கிறார்.